பத்து நாளில் அறுவை சிகிச்சை: உயிலில் ட்ரஸ்ட் எழுதுவது எப்படி?

புதுவரவு: வணக்கம். இந்த நாட்டுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. கணவருக்கு இன்னும் பத்து நாளில் இதய அறுவை சிகிச்சை. பிள்ளைகளுக்கு 4, 9 வயது. உயிலில் ட்ரஸ்ட் (சொத்தை ஒருவர் பொறுப்பில் விட்டு, அதை வேறொருவர் நலனுக்காகப் பார்த்துக்கொள்ள வைக்கும் ஏற்பாடு) வைத்தால் கடன்காரர்கள் சொத்தைத் தொட முடியாது என்று அவருடைய நண்பர் சொன்னாராம். வீட்டுக் கடன் இருக்கிறது. எனக்குத் தூக்கமே இல்லை.

முதல்குளிர்: தைரியமாக இருங்கள் சகோதரி. உயிலை விட ஆயுள் காப்பீடுதான் முக்கியம். நாங்கள் வந்த புதிதில் வங்கிக் கணக்கு திறக்கவே ஏழு வாரம். வங்கியில் வீட்டு முகவரி கேட்டார்கள், வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு கேட்டார். பெட்டியைப் பிரிக்காமல் நண்பர் வீட்டுக் கூடத்தில் படுத்துக் கிடந்தோம்.

ஆற்றோரம்: ட்ரஸ்ட் பணக்காரர்களுக்கு. எல்லாம் மனைவிக்கு என்று எழுதினால் போதும்.

மூன்றாம்மாடி: போதாது. இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் நான் இருக்கும் ஜெர்மனியில் சட்டத்தில் ட்ரஸ்ட் என்ற ஏற்பாடே இல்லை. பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு. நீங்கள் எந்த நாடு?

முதல்குளிர்: வக்கீலைக் கேட்கலாம் என்றால் போனை எடுக்கவே ஆள் இல்லை. எடுத்தாலும் முதலில் கட்டணம்தான் பேசுகிறார்கள்.

ஆற்றோரம்: உண்மை. எனக்கு ஒரு கடிதத்துக்குப் பதில் வர இரண்டு மாதம் ஆனது.

புதுவரவு: மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். இங்கிலாந்து. வீடும் கடனும் முன்பு இருந்த நாட்டில். இருவர் பெயரிலும் இருக்கிறது.

நெடுவழி: அம்மா, இப்போதுதான் விஷயம் பிடிபடுகிறது. உயிலில் எழுதும் ட்ரஸ்ட் அவர் இறந்த பிறகுதான் உயிர்பெறும். அவருடைய கடன்கள் அடைந்த பிறகு மிஞ்சுவதுதான் அதற்குள் போகும். ஆகவே நண்பர் சொன்னது சரியில்லை. ட்ரஸ்ட் உங்களுக்குத் தேவைப்படுவது பிள்ளைகளுக்காக. அது இல்லாவிட்டால் அவர்களுக்கு எழுதியது 18 வயதில் மொத்தமாகக் கைக்கு வந்துவிடும். உயிலில் 21 அல்லது 25 என்று வைக்கலாம். அதுவரை படிப்புக்கும் மருத்துவத்துக்கும் செலவழிக்க, ட்ரஸ்டைப் பார்த்துக்கொள்ளும் அறங்காவலர்களுக்கு அதிகாரம் கொடுக்கலாம். இருவரையாவது போடுங்கள், மாற்று ஆளும் வேண்டும். பிள்ளைகளை வளர்க்கும் பாதுகாவலரையும் பணத்தைப் பார்ப்பவரையும் வேறு வேறாக வைப்பது நல்லது.

நிலம், வீடு எங்கே இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் பொதுவாக அதற்குப் பொருந்தும். ஒருவேளை அங்கே தனி உயில் இருந்தால், இங்கே எழுதுவதில் ‘முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து’ என்ற வரி அதையும் அழித்துவிடாமல் பாருங்கள்.

அவர் கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகளும் ஒன்றாக அங்கே இருக்க வேண்டும். நீங்கள் சாட்சி போடாதீர்கள், உங்களுக்கு எழுதியது செல்லாமல் போய்விடும். சரி, நாளைக் காலை வக்கீலை அழைத்ததும் அறுவை சிகிச்சைத் தேதியை முதலில் சொல்லுங்கள். மருத்துவமனைக்கே வருவார்களா என்றும் கேளுங்கள்.

புதுவரவு: எழுதி வைத்துக்கொண்டேன் அண்ணா. அறங்காவலராக யாரைப் போடுவது என்று இன்று இரவே அவரிடம் பேசுகிறேன்.