நெப்ராஸ்கா, 1884: சிறையிலிருந்து வந்த நாயகனுக்கு நிலம் கிடைக்குமா?

ஏழாம்பக்கம்:
வரலாற்றுக் காதல் தொடர் ஒன்றுக்குத் திட்டம் போடுகிறேன். களம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கஸ்டர் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). ரயில் கொள்ளைக் கூட்டத்துக்குக் குதிரை பிடித்து நின்றவன் நாயகன். ஆறு வருடம் சிறையில் இருந்துவிட்டு வருகிறான். நாயகி பக்கத்து நிலத்து விதவை. அவன் பெயரில் அரசு நிலம் கிடைக்குமா? பனிக்கு முன் மண்வீடு (புல்வேரோடு வெட்டிய மண்பாளங்களை அடுக்கிக் கட்டுவது) எழும்புமா? மொத்தம் 12 அத்தியாயம். ஐந்தாவதில் அவள் மன்னிக்கிறாள், ஆறாவதில் கல்யாணம். சரிப்படுமா?

நிலஅளவை:
நிலம் கிடைக்கும். குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் வயது 21 ஆகியிருக்கிறதா அல்லது குடும்பத் தலைமையா, குடியுரிமை உண்டா என்றெல்லாம் கேட்டது. திருட்டு வழக்கில் சிறை சென்றதைப் பற்றிப் பேச்சே இல்லை. 160 ஏக்கர். பதியும்போது 10 டாலர், அலுவலருக்கு 2 டாலர். ஐந்து வருடம் குடியிருந்து பயிரிட்டதை நிரூபித்து, மேலும் 6 டாலர் கட்டினால் பட்டா. காத்திருக்க முடியாதவர்கள் ஆறு மாதம் கழித்து ஏக்கருக்கு 1.25 டாலர், ஆக 200 டாலர் கட்டி வாங்கலாம் (1891-இல் இது 14 மாதமானது). சிறையிலிருந்து நேராக வந்தவன் கையில் 200 டாலர் இருந்தால் ஷெரீஃப் சும்மா இருக்கமாட்டார் என்பது வேறு கதை.

நிரூபிக்க இரண்டு சாட்சிகள் வேண்டும், பெரும்பாலும் அக்கம்பக்கத்தார். இவன் இங்கேதான் இருந்தான், உழுதான் என்று அவர்கள் சத்தியம் செய்யவேண்டும். உங்கள் கதையின் உச்சக்காட்சி இதுதான், துப்பாக்கிச் சண்டை அல்ல. இன்னொன்று: ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தில் இல்லாவிட்டால் கைவிட்டதாகக் கணக்கு. பழைய வழக்கு ஒன்று அவனை இழுத்துப்போனால் போதும், வில்லன் தேவையில்லை.

ஆறாம் அத்தியாயக் கல்யாணம் இடிக்கிறது. இருவர் நிலமும் பட்டாவாகாத நிலையில் கணவனும் மனைவியும் தனித்தனிக் குடியிருப்பு காட்ட முடியாது. ஒருவர் விடவேண்டும். அவள் நிலம் அவள் தானே பதிந்ததா, செத்துப்போன கணவர் பதிந்ததா என்பதையும் முடிவு செய்யுங்கள். கணவருடையது என்றால் மிச்ச வருடங்களை விதவையாக அவளே முடிக்கலாம்.

ஏர்க்கால்:
வீடு எழும்பும், மண் ஈரமாக இருந்தால். காய்ந்த தரையில் வெட்டினால் பாளம் உதிர்ந்துவிடும். அதற்கென்றே இருந்த கலப்பையால் ஒரு அடி அகலம், நாலு அங்குல கனத்துக்குப் புல்வேரோடு நீளவாக்கில் உரித்து, மண்வெட்டியால் மூன்றடித் துண்டாக்குவார்கள். அன்றைக்கு அடுக்க முடிகிற அளவுக்கு மட்டுமே உரிப்பது. புல் பக்கம் கீழே. செங்கல் போல இணைப்பு மாற்றி அடுக்கி, சில வரிசைக்கு ஒருமுறை குறுக்கே போடவேண்டும், இல்லாவிட்டால் சுவர் பிளந்துகொள்ளும்.

துண்டு ஒன்று ஒரு கன அடி. உள்ளே 16-க்கு 20 அடி, சுவர் கனம் இரண்டடி, உயரம் ஏழடி என்றால் ஆயிரத்துக்கு மேல் துண்டுகள். தனியாளுக்கு இது வாரக்கணக்கு வேலை. ஜன்னல் சட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டுத் துணி திணிக்க மறக்கவேண்டாம். சுவர் அமரும்போது கண்ணாடி உடையும். கூரை கட்டாயம் ஒழுகும், வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சொட்டும். கூரைக்கடியில் மஸ்லின் துணி கட்டுவது மண்ணும் பூச்சியும் சாப்பாட்டில் விழாமல் இருக்க. சாலமன் புட்சர் 1886 முதல் இதே கவுண்டியில் எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள்.

பழையதபால்:
குதிரை பிடித்தான் என்று வைத்ததிலேயே அவனைப் பாதி கழுவிவிட்டீர்கள். அவன் கை பட்ட ஒரு தீங்கு வேண்டும், அதைச் சுமக்கிற ஒரு ஆள் அதே ஊரில் வேண்டும். நாயகி மன்னிப்பது அந்த ஆளின் கணக்கைத் தீர்க்காது.

டெக்சஸ் கொலையாளி ஜான் வெஸ்லி ஹார்டின் 1878-இல் 25 வருடத் தண்டனை பெற்று, சிறையிலேயே சட்டம் படித்து, 1894-இல் வெளிவந்து வக்கீலும் ஆனார். மறு வருடமே எல் பாசோவில் சுடப்பட்டு இறந்தார். 1882-இல் சரணடைந்த ரயில் கொள்ளையன் ஃபிராங்க் ஜேம்ஸோ விடுதலையாகி, செருப்புக் கடையில் விற்பனையாளர், நாடகக் கொட்டகை வாயில்காப்பாளர் என்று 1915 வரை வாழ்ந்தார். புதுவாழ்வு பார்க்கச் சப்பென்றுதான் இருக்கும். அந்தச் சப்பையை எழுதுங்கள்.

தமிழில் எழுதுவதில் ஒரு லாபம்: ‘நீங்கள்’ எப்போது ‘நீ’ ஆகிறது என்பதை வீணாக்காதீர்கள். அவன் அல்ல, அவள் முதலில் மாறட்டும்.

ஏழாம்பக்கம்:
கல்யாணத்தைப் பதினொன்றுக்குத் தள்ளுகிறேன். அவன் மூன்றாம் வருடம் தன் நிலத்தை விடுகிறான். கையில் ஏதாவது தேறுமா?

நிலஅளவை:
தேறும். உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தைக் காசுக்குக் கொடுப்பது சகஜம். 1880 சட்டப்படி அது அரசு நில அலுவலகத்தில் தாக்கலான உடனே நிலம் யாருக்கும் திறந்துவிடும். ஆகவே பணம் கொடுத்தவர் தன் விண்ணப்பத்தோடு அவன் தோளுக்குப் பின்னாலேயே நிற்பார். அந்த வரிசையில் அவளையும் நிறுத்துங்கள்.