பேட்டரியை நேராக டிரான்ஸ்ஃபார்மரில் கொடுத்தால் என்ன ஆகும்?

இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறவன் நான். சோலார் பேனல் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, பேட்டரியோட 12 வோல்ட்டை ஒரு டிரான்ஸ்ஃபார்மர்ல கொடுத்து 230 ஆக்கிக்கலாமே, இன்வெர்ட்டர் எதுக்கு?" நியாயமான கேள்விதான். அதனால் மேசை மேலேயே செய்து காட்டிவிடுவேன்.

பழைய எலிமினேட்டரில் (பேட்டரிக்குப் பதிலாக மாட்டும் அடாப்டர்) கழற்றிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதும். 230 பக்கத்தில் முள் மீட்டரை மாட்டி, 12 வோல்ட் பக்கத்தைப் பேட்டரியில் தொட வைப்பேன். தொட்டதும் முள் ஒரு துள்ளு துள்ளி, உடனே பூஜ்யத்துக்கு வந்துவிடும். பேட்டரி இணைப்பில்தான் இருக்கிறது, கரண்ட்டும் ஓடுகிறது, ஆனால் மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வயரை எடுத்தால் முள் எதிர்ப்பக்கம் துள்ளும். 1831-இல் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்கள் சுற்றிப் பார்த்ததும் இதையேதான். காந்தப்புலம் மாறினால்தான் அடுத்த சுருளில் வோல்டேஜ் பிறக்கும். பேட்டரி தருவது டிசி, அதாவது ஒரே திசையில் மாறாமல் ஓடும் கரண்ட்; அதில் புலம் எழும்பி அப்படியே நின்றுவிடுகிறது. நம் வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட் திசை மாறி மாறி ஓடும், நொடிக்கு 50 சுழற்சி, புலம் ஓய்வதே இல்லை.

அப்புறம் சூடு. இதைப் பலர் யோசிப்பதில்லை. ஏசி கொடுத்தால், மாறும் புலம் அதே சுருளிலும் ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கி கரண்ட்டை அடக்கி வைக்கிறது. டிசிக்கு அந்தத் தடை இல்லை. செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான், அதுவும் மிகக் குறைவு. கொஞ்ச நேரம் விட்டாலே கம்பி மேல் பூசிய வார்னிஷ் கருகும் வாசனை வரும். இன்வெர்ட்டரில் ஒரு பக்க மாஸ்ஃபெட் (கரண்ட்டைத் திறந்து மூடும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் போவதும் இதனால்தான். பேட்டரி நேராகச் சுருளுக்குப் போய்விடுகிறது.

மெக்கானிக் தம்பி ஒருவர் மடக்கினார்: "கார் பேட்டரியும் டிசிதானே, இக்னிஷன் காயில் மட்டும் எப்படி ஸ்பார்க் அடிக்குது?" எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பழைய அம்பாசடரில் பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) திறந்து கரண்ட் அறுபடும்போதுதான் ஸ்பார்க். புலம் சட்டென்று சரிவதால் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்புகிறது. மூடியே இருந்தால் காயில் சூடாகுமே தவிர ஸ்பார்க் வராது. இன்வெர்ட்டரிலும் மாஸ்ஃபெட்கள் பேட்டரி கரண்ட்டை மாற்றி மாற்றித் திருப்பிவிட்ட பிறகே டிரான்ஸ்ஃபார்மர் அதை ஏற்றுகிறது.

செய்து பார்க்கிறவர்கள் வயரை எடுக்கும்போது 230 பக்க முனைகளைக் கையால் பிடிக்காதீர்கள். 12 வோல்ட்தானே என்று நினைத்தால் நல்ல ஷாக் அடிக்கும்.