அப்டேட்: தம்பியோட லைட் வேலை விஷயம்

சிட்னி வேர்ஹவுஸ்ல தம்பிக்கு தோள்பட்டைல அடி, "முழுசா குணமாகிட்டு வா, லைட் வேலைலாம் இங்க கிடையாது"ன்னு மேனேஜர் அனுப்பிட்டார்னு முன்னாடி எழுதியிருந்தேன்ல, அந்த லைட் வேலை கிடைச்சிருச்சுங்க! நியூ சவுத் வேல்ஸோட, வேலைல அடிபட்டவங்களுக்கான 1998 சட்டத்துல 49-வது பிரிவ சொல்லி, டாக்டர் சர்டிஃபிகேட்டையும் சேர்த்து எழுத்துலயே கேட்டான், ஓரளவு வேலை செய்ய முடியுற ஆளு கேட்டா நடைமுறைக்கு ஒத்துவர்ற வரைக்கும் பொருத்தமான வேலைய முதலாளி குடுத்தாகணும், அதான் அந்த பிரிவு. இப்ப ஸ்டாக் செக்கிங், 5 கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது.

இத கண்டிப்பா கவனிங்க: முதல் 13 வாரம் இன்சூரன்ஸ் பணத்துக்கு பழைய சராசரி சம்பளத்துல 95 சதவீதம் கணக்கு, அப்புறம் 80க்கு இறங்கிடும், ஆனா வாரத்துக்கு 15 மணி நேரமாவது வேலைக்குப் போனா 95லயே நிக்கும், வாங்குற சம்பளத்த கழிச்சு மீதிய இன்சூரன்ஸ் தரும். சர்டிஃபிகேட்ல 14 மணி நேரம்னு எழுதினா எவ்ளோ நஷ்டம் பாருங்க, உடம்பு தாங்கும்னா டாக்டர்கிட்ட பேசிடுங்க.

காயத்தால வேலை செய்ய முடியாமப் போன நாள்லருந்து குறைஞ்சது 6 மாசத்துக்கு, அந்த காரணத்துக்காகவே வேலைய விட்டு தூக்குறது குற்றம், அதனால கேக்க பயப்படாதீங்க. இன்சூரன்ஸ் மறுத்தா ஐ.ஆர்.ஓ. (Independent Review Office, இந்த மாதிரி புகாருக்கு உதவுற தனி அரசு அலுவலகம்) இருக்கு, அவங்க ஒத்துக்கிட்டா வக்கீல் செலவும் அவங்களோடது.