வங்கி ஆப் திறக்க போனை வேறு மாடலாகக் காட்டலாமா?

கேள்வி

வணக்கம். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். என் போன் 2019-ல் வாங்கியது. ஆண்ட்ராய்டு 10-ஓடு கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. போன மாதம் அக்கா மகன் பூட்லோடரை (போன் ஆனாகும்போது எந்த மென்பொருள் ஓடலாம் என்று பார்க்கும் பூட்டு) அன்லாக் செய்து, லினியேஜ் ஓஎஸ் என்ற வேறு ஆண்ட்ராய்டைப் போட்டுக்கொடுத்தான். இப்போது ஆண்ட்ராய்டு 14, புதுப் போன் போல ஓடுகிறது. ஆனால் வங்கி ஆப்பைத் திறந்தால் "உங்கள் சாதனம் பாதுகாப்பானது அல்ல" என்று சொல்லி மூடிக்கொள்கிறது.

அவன் ஒரு வீடியோவைப் பார்த்து, மேஜிஸ்க் என்ற கருவியைப் போட்டு ரூட் செய்து (போனின் முழு அதிகாரத்தையும் எடுத்து), என் போனை கூகுளின் பிக்சல் போன் போலக் காட்டும் ஒரு மாட்யூலைச் (துணை மென்பொருள்) சேர்த்தான். டெலிகிராம் குழு ஒன்றிலிருந்து "கீபாக்ஸ்" என்று ஒரு ஃபைலும் இறக்கினான். ஆப் திறந்தது. இரண்டு நாள் பணம் அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் மறுபடி அதே செய்தி. புது கீபாக்ஸ் போட்டால் சரியாகிவிடும், ஐஎம்இஐ எண்ணையும் (போனின் தனி அடையாள எண்) மாற்றிவிட்டால் இனி தொல்லையே வராது என்று அந்தக் குழுவில் சொல்கிறார்களாம். செய்யலாமா? லைனிங் துணிக் கடைக்கு 640 ரூபாய் பாக்கி நிற்கிறது. வாடிக்கையாளர்கள் கியூஆரில் போடும் பணம் வருகிறதா என்றும் தெரியவில்லை.

பதில் 1 – செல்போன் சர்வீஸ் செய்பவன்

அக்கா, முதலில் ஐஎம்இஐ. அதைத் தொடவே தொடாதீர்கள். 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி அந்த எண்ணை மாற்றினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருட்டுப் போனைக் கண்டுபிடிக்க உதவும் எண் அது. தவிர, உங்கள் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆண்ட்ராய்டு 10-லிருந்து சாதாரண ஆப்களால் ஐஎம்இஐயைப் படிக்கவே முடியாது. அந்தக் குழுவில் சொல்பவருக்கு இதுகூடத் தெரியவில்லை என்றால், அவர் தரும் ஃபைலை எப்படி நம்புவது?

இப்போது மூன்றாம் நாள் ஏன் நின்றது என்பதைச் சொல்கிறேன். போனின் மாடல் பெயர், கம்பெனி பெயர் எல்லாம் உள்ளே ஒரு ஃபைலில் வெறும் எழுத்தாகத்தான் இருக்கிறது. மாட்யூல் அந்த எழுத்தை மாற்றிக் காட்டுகிறது. ஒரு காலத்தில் அதுவே போதும். இப்போது வங்கி ஆப், கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை வழியாகப் போனின் சிப்பையே கேட்கிறது. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு சிப்புக்குள்ளும் ஒரு ரகசியச் சாவி வைத்துவிடுவார்கள். "பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, ஓடுவது கம்பெனி மென்பொருள்தானா" என்று கேட்டால், அந்தச் சாவியால் கையெழுத்துப் போட்டுச் சிப் பதில் சொல்லும். ரூட் இருந்தாலும் அந்தப் பதிலை மாற்ற முடியாது. 2025 மே மாதத்திலிருந்து, ஆண்ட்ராய்டு 13-ம் அதற்கு மேலும் உள்ள போன்களுக்கு இந்தச் சிப் சாட்சி கட்டாயமாகிவிட்டது. உங்களுடையது இப்போது 14.

கீபாக்ஸ் என்பது வேறு ஏதோ ஒரு போனிலிருந்து கசிந்த சாவி. அடுத்தவர் ஆதாரைக் காட்டி உள்ளே போவது மாதிரி. ஒரே சாவியை எக்கச்சக்கமான போன்கள் காட்டும்போது கூகுளுக்குத் தெரிந்துவிடுகிறது. ரத்துப் பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். அன்றோடு அந்தச் சாவி செத்தது. அடுத்ததும் அப்படித்தான் சாகும்.

பதில் 2 – வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன்

அம்மா, சாவி செத்தது போகட்டும். அந்த இரண்டு நாளில் யூபிஐ பின்னை அதே போனில் அடித்தீர்கள் அல்லவா? எனக்குக் கவலை அதுதான். அந்த மாட்யூல் ரூட் அனுமதியோடு ஓடுகிறது. திரையைப் பார்க்கலாம், எஸ்எம்எஸ் படிக்கலாம், ஓடிபியை எடுத்து அனுப்பலாம். செய்கிறது என்று நான் சொல்லவில்லை. செய்தால் உங்களுக்குத் தெரிய வழியில்லை. வீட்டுச் சாவியை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

இன்றே சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள். அதிலிருந்து, இன்டர்நெட் இல்லாமல் யூபிஐ நடத்தும் *99# எண்ணை அடித்து யூபிஐ பின்னை மாற்றுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை வேறு ஒருவர் போனில் மாற்றுங்கள். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் என்ட்ரி போட்டு, உங்களுக்குத் தெரியாத பற்று இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். இருந்தால் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள், வங்கியிலும் எழுதிக் கொடுங்கள்.

நாட்கள் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் பணம் போயிருந்தால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு உங்களுடையது இல்லை. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், புகார் கொடுக்கும் வரை போன பணம் வாடிக்கையாளர் தலையில்தான். ரூட் செய்து, வேறு போன் போலக் காட்டி ஆப்பைத் திறந்தவர் என்று தெரிந்தால் வங்கி எந்தப் பக்கம் பேசும் என்று நினைக்கிறீர்கள்?

வரவைப் பற்றிக் கலங்க வேண்டாம். கியூஆர் உங்கள் கணக்கோடு சேர்ந்தது. ஆப் திறக்காவிட்டாலும் பணம் வந்து சேரும். எஸ்எம்எஸ்ஸிலும் பாஸ்புக்கிலும் தெரியும்.

பதில் 3

நானும் லினியேஜ் ஓஎஸ்தான் பயன்படுத்துகிறேன். கேள்வி கேட்டவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. ஐந்து வருடமாக ஒரு பாதுகாப்பு அப்டேட்கூட வராத ஆண்ட்ராய்டு 10 போனை வங்கி ஆப் உள்ளே விடுகிறது. மாதாமாதம் அப்டேட் வாங்கும் போனை வெளியே நிறுத்துகிறது. இது நியாயமா? கிராஃபீன் ஓஎஸ் மாதிரி, பூட்லோடரைத் திரும்பப் பூட்டி ஓடும் மென்பொருளைக்கூடப் பல ஆப்கள் ஏற்பதில்லை. அதன் கையெழுத்தைத் தனியாகச் சரிபார்க்க வழி இருக்கிறது, செய்யத்தான் ஆளில்லை. நம் வங்கிகளுக்கு இதை எழுதிக் கேட்க வேண்டும். நான் எழுதியிருக்கிறேன்.

ஆனாலும் கீபாக்ஸ் பக்கம் போகவேண்டாம். நான் போனேன். மருந்துக் கடையில் அம்மாவுக்கு இன்சுலின் வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஆப் மூடிக்கொண்டது. கையில் காசு இல்லை, பின்னால் வரிசை. அன்றைக்கே தம்பியின் பழைய போனில் பதிந்தேன். புதுப் போன் என்பதால் முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடவில்லை.

கேட்டவர்

படித்ததும் கை நடுங்கிவிட்டது. பின்னை மாற்றிவிடுகிறேன். ஒன்று கேட்கிறேன்: போனை வேறு மாதிரிக் காட்டுவது எல்லாமே தவறா? அக்கா மகன் "எல்லாப் போனும் செய்கிறதுதான்" என்கிறான்.

பதில் 1

அவன் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆண்ட்ராய்டு 10-லிருந்து வைஃபையில் சேரும்போது போன் தன் நிஜ முகவரிக்குப் பதில் ஒரு பொய் முகவரியைக் கொடுக்கும். போகிற இடமெல்லாம் யாரும் உங்களைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக. பிரவுசரில் "டெஸ்க்டாப் தளம்" அழுத்தினால் கம்ப்யூட்டர் போலக் காட்டிக்கொள்ளும். இதில் யார் பணமும் இல்லை, வெளியாள் ஃபைலும் இல்லை. வங்கியின் சோதனை உங்கள் பணத்தைக் காக்க நிற்கிறது. அதை ஏமாற்றினால் உங்கள் காவலாளியைத்தான் ஏமாற்றுகிறீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். போனை முழுதாக அழித்து, லினியேஜை மட்டும் அதன் தளத்திலிருந்தே இறக்கிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ரூட் வேண்டாம். டிசைன் பார்க்க, படம் அனுப்ப அது போதும். வங்கி ஆப்பை அதில் மறந்துவிடுங்கள். பழைய கம்பெனி மென்பொருளுக்குத் திரும்பிப் பூட்டினால் ஆப் திறக்கலாம். ஆனால் மென்பொருள் சரியாகப் பொருந்தாமல் பூட்லோடரைப் பூட்டினால் போன் உயிர் பெறாது. என் கடைக்கே அப்படி வந்திருக்கின்றன. அத்தனை பாடுபட்டுக் கிடைப்பதும் அப்டேட் இல்லாத ஆண்ட்ராய்டு 10-தானே. கை கொஞ்சம் நிமிர்ந்ததும், எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று விசாரித்து, குறைந்த விலையில் ஒரு போன் வாங்கிப் பணத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை *99# இருக்கிறது. ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை போகும், இன்டர்நெட் தேவையில்லை. எல்லா சிம்மிலும் எடுப்பதில்லை. உங்களுடையதில் எடுக்காவிட்டால், போன் அழைப்பிலேயே பணம் அனுப்பும் யூபிஐ 123பே. அதன் எண்ணை, யூபிஐயை நடத்தும் என்பிசிஐயின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், யாராவது அனுப்பிய எண்ணுக்கு அடிக்காதீர்கள்.

கேட்டவர் – மூன்று நாள் கழித்து

மாமியாரின் பட்டன் போனில் சிம்மைப் போட்டு *99# அடித்தேன், எடுத்தது. பின்னை மாற்றினேன். முதல் தடவை மெனுவைப் படித்து முடிப்பதற்குள் நேரமாகி மறைந்துவிட்டது, இரண்டாம் தடவை எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அடித்தேன். அக்காவுக்கு 1 ரூபாய் அனுப்பிப் பார்த்துவிட்டு, லைனிங் கடைக்கு 640 அனுப்பினேன். கடைக்காரர் வந்துவிட்டது என்றார். பாஸ்புக்கில் தெரியாத பற்று எதுவும் இல்லை. வாடிக்கையாளர்கள் போட்டது நாலு பேருடையதும் வந்திருந்தது.

அக்கா மகன் போனை அழித்து மறுபடி போட்டுவிட்டான், டெலிகிராம் குழுவிலிருந்தும் வெளியே வந்துவிட்டான். திட்டவில்லை, எனக்கு உதவத்தான் செய்தான். தீபாவளித் தையல் பணத்தில் ஒரு போன் எடுக்கலாம் என்று இருக்கிறேன். வாங்கும் முன் மாடலை இங்கே கேட்கிறேன்.