டிங்கிள் புனித யாக்கோபு ஆலயத்துக் கோடைக் கச்சேரிகள்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் அயர்லாந்தின் கார்க் நகரில் பணிபுரிகிறேன். வரும் ஜூன் மாதம் என் அம்மா ஊரிலிருந்து வரவிருப்பதால், கெர்ரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ள டிங்கிள் என்ற கடலோர ஊருக்கு அவரை அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். அவ்வூரின் பிரதான தெருவில் இருக்கும் புனித யாக்கோபு ஆலயத்தில், கோடைக்காலம் முழுவதும் வாரத்தில் சில மாலைகளில், ஐரிஷ் நாட்டார் இசைக் கச்சேரிகள் நடைபெறுகின்றன என்று அறிந்தேன்.

அம்மா மார்கழிக் கச்சேரிகளை விடாமல் கேட்பவர். ஒரு ராக ஆலாபனைக்காக மட்டுமே மாலை முழுவதும் உட்காரக்கூடியவர். ஆனால் ஐரிஷ் இசை அவருக்கு முற்றிலும் புதிது. எனக்கும் பப்களில் வேகமாக வாசிக்கப்படும் நடன மெட்டுகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே இங்குள்ள அனுபவசாலிகளிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். இது வழிபாட்டோடு சேர்ந்த நிகழ்ச்சியா? அப்படியானால் பிற சமயத்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? என்னுடன் வேலை செய்யும் ஐரிஷ் நண்பர் ஒருவர், ஆலயக் கச்சேரி சுற்றுலாப் பயணிகளுக்கானது என்றும், உண்மையான இசை பப்பில்தான் இருக்கிறது என்றும் சொல்கிறார். அது சரியா? எல்லாவற்றுக்கும் மேலாக, கர்நாடக இசை கேட்டுப் பழகிய ஒருவர் இந்த இசையில் எதன்மீது காதை வைக்க வேண்டும்?

முதல் மறுமொழி

தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். நான் டிங்கிளிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள டிரலீயில் வசிக்கிறேன். கோடையில் அந்த ஆலயக் கச்சேரிகளுக்குச் செல்வது எங்கள் வீட்டில் வழக்கம்.

அந்த ஆலயம் அயர்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. அதாவது கத்தோலிக்கம் அன்று, இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் மரபினது. இப்போதுள்ள கட்டடம் 1804-இல், மிகப் பழைய ஓர் ஆலயம் இருந்த இடத்தில் எழுப்பப்பட்டது. இடைக்காலத்தில் டிங்கிள் துறைமுகத்துக்கும் ஸ்பெயினுக்கும் இடையே வணிகம் செழித்திருந்தது. பழைய ஆலயத்தைக் கட்டியவர்களே ஸ்பானியர்கள்தாம் என்பது உள்ளூர் வழக்கு. ஸ்பெயினில் உள்ள யாக்கோபின் திருத்தலத்துக்குச் செல்லும் யாத்திரிகர்கள் இத்துறைமுகத்திலிருந்து கப்பலேறினார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று வணங்கும் அதே புனிதர்தான் இவர் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்கு அந்த இடம் சற்று நெருக்கமாகிவிடக்கூடும்.

மேற்குக் கெர்ரியில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஆங்கிலிக்கன் சபையார் மிகச் சிலரே. எனவே வழிபாடு இல்லாத வேளைகளில் இக்கட்டடம் ஊர்ப் பொதுவுக்குப் பயன்படுவது இயல்பாகிவிட்டது. கச்சேரியில் ஜெபமோ பிரசங்கமோ கிடையாது. யாரும் உங்கள் சமயத்தைக் கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மற்ற அரங்குகளைப் போலவே கைதட்டலாம்.

ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தவிர்த்துக்கொள்ளுங்கள். இதே ஆலயத்தில் 2001 முதல் குளிர்காலத்தில் ‘அதர் வாய்சஸ்’ என்ற தொலைக்காட்சி இசை நிகழ்ச்சி பதிவு செய்யப்படுகிறது. 2006 டிசம்பரில் ஆங்கிலப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் பாடியதும் இங்குதான். இணையத்தில் தேடினால் அந்தக் காணொளிகளே முன்னால் வந்து நிற்கும். கோடைக் கச்சேரிகள் அதனின்றும் வேறானவை. அவற்றில் நீங்கள் கேட்கப்போவது மரபிசை.

உள்ளே ஏறத்தாழ 80 பேர்தான் அமர முடியும் என்பதால் சீட்டை முன்பே வாங்கிவிடுங்கள். இருக்கைகள் சாய்மானம் கொண்ட மர பெஞ்சுகள். அம்மாவுக்கு ஒரு சிறு மெத்தையும், ஜூன் மாதமே ஆனாலும் ஒரு கம்பளிச் சால்வையும் எடுத்துச் செல்லுங்கள். தடித்த கல்சுவர்கள் சூழ்ந்த கூடம் மாலையில் குளிர்ந்துவிடும். ஜூன் பிற்பாதியில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடுவதால், கச்சேரி முடிந்து வெளியே வரும்போதும் நல்ல வெளிச்சம் இருக்கும்.

இரண்டாம் மறுமொழி

மேலே நண்பர் சொன்னவற்றில் பிழையில்லை. ஆனால் உங்கள் அலுவலக நண்பரின் கருத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. நான் லிமரிக்கில் ‘செட்’ நடனம் கற்றுவருகிறேன், அதாவது நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் நடனம். அந்தப் பக்கத்திலிருந்து என் எண்ணத்தைச் சொல்கிறேன்.

கெர்ரியின் தனிச்சொத்து என்று சொல்லத்தக்கவை போல்க்கா, ஸ்லைடு என்ற இரண்டு நடன மெட்டு வகைகள். போல்க்கா இரண்டு எண்ணிக்கைத் தாளத்தில் விறுவிறுவென்று ஓடும். ஸ்லைடு பன்னிரண்டு சிறு அடிகளை மும்மூன்றாகத் தொகுத்துச் சறுக்கிச் செல்லும். இவ்விரண்டும் ஆடுபவரின் பாதத்துக்காகவே வாசிக்கப்பட்டு வந்தவை. பொத்தான் அக்கார்டியன் வாசிப்பவர் ஆடுபவர்களின் கால்களைப் பார்த்துத் தம் வேகத்தையும் அழுத்தத்தையும் மாற்றிக்கொள்வதை நீங்கள் ஒருமுறை அருகிலிருந்து கண்டால், ஆட்டமில்லாத இடத்தில் அந்த மெட்டு எதையோ இழந்துவிடுகிறது என்று நான் சொல்வதை ஒப்புக்கொள்வீர்கள். மர பெஞ்சுகள் வரிசையாகப் போடப்பட்ட ஆலயத்தில் ஆடுவதற்கு இடமேது?

இதில் இன்னொரு வரலாறும் உண்டு. வீட்டு அடுப்பங்கரையில், அண்டை அயலார் கூடி ஆடிய இசை இது. மதகுருமார்கள் பலர் அந்த வீட்டு நடனங்களை ஒழுக்கக்கேடு என்று கண்டித்தனர். 1935-இல் பொது நடன அரங்குச் சட்டம் வந்து, பொது நடனங்களுக்கு நீதிமன்ற உரிமம் கட்டாயமானது. காவலர்களும் குருமார்களும் அச்சட்டத்தை வீடுகளில் நடந்த ஆட்டங்கள்மீதும் திருப்பினார்கள். பல ஊர்களில் வீட்டு நடனமே அற்றுப்போயிற்று. அன்று ஆட்டத்தை விரட்டியது கத்தோலிக்கப் பீடம், இன்று இடம் கொடுப்பது ஆங்கிலிக்கன் ஆலயம் என்ற வேறுபாட்டை நான் மறக்கவில்லை. ஆயினும் ஆலயத்தில் அமைதியாக அமர்ந்து கேட்பதுதான் இந்த இசையின் முழு வடிவம் என்ற எண்ணத்தோடு உங்கள் அம்மா ஊர் திரும்பிவிடக் கூடாது என்பதே என் கவலை. டிங்கிள் பப்களில் பெரும்பாலும் ஒன்பதரை மணிக்கு மேல்தான் இசை தொடங்கும். கச்சேரி முடிந்ததும் அங்கே ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். மது அருந்தாதவருக்குத் தேநீர் கேட்டாலும் கொடுப்பார்கள்.

மூன்றாம் மறுமொழி

நான் டப்ளினில் இலன் பைப் என்ற ஐரிஷ் துருத்திக் குழல் கருவியைக் கற்கும் மாணவன். நடனம் பற்றி மேலே எழுதியவரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. போல்க்காவைப் பொறுத்தவரை அவர் சொல்வதே சரி. ஆனால் இந்த மரபில் நடனத்துக்குத் தொடர்பே இல்லாத பெரும்பகுதி ஒன்று இருக்கிறது. அதற்குப் பப் பெரும்பாலும் தகுந்த இடமாக அமைவதில்லை. கேள்வி கேட்டவரின் அம்மாவுக்கு நெருக்கமாகப் போவது அந்தப் பகுதிதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலாவது, ‘ஷான்-நோஸ்’ எனப்படும் பழைய முறைப் பாட்டு. பக்கவாத்தியமும் தாளமும் இல்லாமல், ஐரிஷ் மொழியில் ஒருவர் தனித்துப் பாடுவது. டிங்கிள் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி இன்றும் ஐரிஷ் பேசப்படும் நிலம். ஆகவே அங்கே இப்பாட்டு பேச்சோடு உறவு அறாமல் இருக்கிறது. பாடுபவர் சொல்லின் நீளத்துக்கேற்ப அடியை நீட்டியும் குறுக்கியும் செல்வார். ஓர் அசைக்குள் நான்கைந்து சிறு ஸ்வரங்கள் உருண்டு போகும். குரலை உயர்த்தி உணர்ச்சியைக் காட்டுவது இங்கே பழக்கமன்று. பாடகர் கண்களை மூடியோ முகத்தைத் திருப்பியோ கூடப் பாடுவதுண்டு. சில வேளைகளில் அருகில் இருப்பவர் பாடுபவரின் கையைப் பற்றிக்கொண்டு மெல்லச் சுழற்றிக்கொண்டிருப்பார். அடிகளுக்கு நடுவே கேட்பவர்கள் ‘மா ஹூ’ என்று தாழ்ந்த குரலில் ஊக்குவிப்பார்கள். நம் சபைகளில் எழும் ‘பலே’வை நன்கறிந்த அம்மாவுக்கு இதை விளக்கத் தேவையிருக்காது.

இரண்டாவது, ‘ஸ்லோ ஏர்’. பெரும்பாலும் அப்பாட்டுகளின் மெட்டைக் கருவியில் தாளக்கட்டின்றி வாசிப்பது. இலன் பைப்பில் இதைக் கேட்க வேண்டும். இக்கருவியில் காற்றை வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கையால் ஒரு துருத்தியை இயக்கி, இடது கைக்கடியில் உள்ள பையை நிரப்புகிறார்கள். மூன்று குழல்கள் விடாது சுருதி கூட்டிக்கொண்டிருக்க, விரல்கள் ஆடும் குழல் இரண்டு ஸ்தாயிகளுக்குப் பாடும். மடிமேல் கிடக்கும் வேறு மூன்று குழல்களின் சாவிகளை மணிக்கட்டால் அழுத்தினால் இசைவான துணை ஸ்வரங்கள் எழும். வாசிப்பவரின் வலது முழங்காலைக் கவனியுங்கள்: அங்கே ஒரு தோல் துண்டு கட்டப்பட்டிருக்கும். குழலின் அடிவாயை அத்தோலில் பதித்து மூடினால் ஒலி சட்டென்று நிற்கும், சற்றே தூக்கினால் ஸ்வரத்தின் நிறம் மாறும். இவ்வளவு நுணுக்கத்தையும் கண்ணாடிக் கோப்பைகளின் ஓசைக்கு நடுவே கேட்க முடியாது. 80 பேர் மூச்சடக்கி அமரும் சிறிய கற்கூடத்தில் ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழும். 

இக்கலை அழியும் நிலைக்கு வந்திருந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். 1968-இல் பைப் கலைஞர்கள் தங்களுக்கென்று ‘நா பீபரீ இலன்’ என்ற சங்கத்தைத் தொடங்கியபோது, வாசிப்போர் நூறு பேர்கூட எஞ்சியிருக்கவில்லை. 2017-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் மரபுக் கலைகள் பட்டியலில் சேர்த்தது.

அமர்ந்து கேட்கும் கச்சேரி வடிவம் சுற்றுலாவுக்காக வந்தது என்பதையும் நான் ஏற்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாதா, மரபுக் கலைஞர்களைத் திரட்டி ‘கியோல்டோரி குவாலன்’ என்ற குழுவை அமைத்து, அடுப்பங்கரை இசையை அரங்கத்தின் கவனத்துக்கு உரியதாக்கினார். பின்னர் அவர் கார்க் மாவட்டத்தின் ஐரிஷ் பேசும் ஊரான கூல் ஈயாவில் குடியேறி, உள்ளூர் ஆண்களைக் கொண்டு ஒரு பாடகர் குழுவை உருவாக்கினார். ஷான்-நோஸ் சாயலில் ஐரிஷ் மொழித் திருப்பலிக்கு அவர் அமைத்த இசையை அவர்கள் தங்கள் ஊர்த் தேவாலயத்திலேயே பாடினார்கள். 1971-இல் அவர் மறைந்த பிறகும் அந்தக் குழு தொடர்ந்தது. ஆகவே ஆலயத்துக்குள் இந்த இசை அந்நியமாக ஒலிக்கவில்லை.

இனி எப்படிக் கேட்பது என்பது. நடன மெட்டுகளில் பொதுவாக எட்டுத் தாளவட்டம் கொண்ட ஒரு பகுதி இருமுறை, பின் இன்னொரு பகுதி இருமுறை வரும். அந்த முழுச்சுற்றையும் இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். கல்பனாஸ்வரம் போன்ற விரிவை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். முதல் சுற்றில் நேராக வந்த ஸ்வரம் இரண்டாம் சுற்றில் ஓர் உருட்டலோடு வரும். மூன்றாம் சுற்றில் பைப்பின் அடிஸ்வரத்தில் ‘க்ரான்’ என்ற படபடப்பான அணி விழும். கலைஞரின் மனோதர்மம் முழுவதும் இச்சிறு மாற்றங்களில்தான் இருக்கிறது. பலர் சேர்ந்து வாசித்தாலும் எல்லாரும் ஒரே மெட்டையே வாசிப்பார்கள் என்பதால், ராகத்தைத் தனி இழையாகப் பின்தொடரும் காதுக்கு இது எளிதில் பிடிபடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆலயக் கச்சேரிக்கு முன்வரிசையில் இரண்டு சீட்டுகளும், அதன் பிறகு பப்பில் ஒரு மணி நேரமும் என்று முடிவு செய்துவிட்டேன். பைப் கலைஞரின் முழங்கால் தோலைப் பற்றி அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். நாகஸ்வரத்துக்கு இருப்பதுபோல் இதற்கும் சீவாளி உண்டா என்று உடனே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மேலும், அவர் கச்சேரியைக் கைப்பேசியில் பதிவு செய்ய விரும்புவார், அது தகுமா?

மூன்றாம் மறுமொழி எழுதியவர்

அம்மா மிகச் சரியான கேள்வி கேட்டிருக்கிறார். உண்டு. விரல்கள் ஆடும் குழலில் நாகஸ்வரத்தைப் போலவே இரட்டை நாக்குச் சீவாளிதான். நாணல் வகைத் தண்டைச் சீவிச் செய்வது. ஒரு பெரிய வேறுபாடு என்னவென்றால், வாயின் ஈரம் படாமல் துருத்தியின் உலர்ந்த காற்றிலேயே அது வேலை செய்கிறது. அதனால் அறையின் ஈரப்பதம் சற்று மாறினாலும் சுருதி விலகும். கடற்கரை ஊரில், குளிர்ந்த கற்கூடத்தில், கூட்டம் வந்து அமர்ந்ததும் காற்று வெதுவெதுப்பாகும்போது, கலைஞர் இரண்டு உருப்படிகளுக்கு நடுவே சுருதிக் குழல்களை நீட்டியும் சுருக்கியும் சரிசெய்துகொண்டே இருப்பார். 

பதிவு செய்வதைப் பொறுத்தவரை, தொடங்குமுன் கலைஞர்களிடமோ வாசலில் இருப்பவரிடமோ கேட்டுவிடுங்கள். அனுமதித்தாலும் ஷான்-நோஸ் பாடும்போது கைப்பேசியை உள்ளே வைத்துவிடுவது நல்லது; அத்தனை அருகில் ஒளிரும் திரை பாடுபவரைத் தொந்தரவு செய்யும். பெரும்பாலான கலைஞர்கள் தங்கள் குறுந்தகடுகளை அங்கேயே விற்பதால், அம்மா வீட்டுக்கு எடுத்துச் செல்ல அதையே வாங்கித் தாருங்கள். பணம் நேரே அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்.