மே தினம் பிறந்த நாட்டில் ஏன் செப்டம்பரில் விடுமுறை?

கேள்வி:
நூற்பாலையில் 19 ஆண்டுகளாக ஷிப்ட் வேலை பார்க்கிறேன். எட்டு மணி நேரம் முடிந்து சங்கு ஊதும்போது காதில் இருக்கும் பஞ்சைத் தட்டிவிட்டு வெளியே வருவேன். அந்த எட்டு மணி நேரம் சிகாகோவில் ரத்தம் சிந்திக் கேட்டது என்று மகளிடம் சொன்னேன். "அப்படியானால் அமெரிக்கர்கள் ஏன் மே 1-ஐக் கொண்டாடுவதில்லை?" என்றாள். விடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை செப்டம்பரில் வருகிறது. அந்த நாளின் வேர் வேறு. 1882 செப்டம்பர் 5 அன்று நியூயார்க்கில் நடந்த தொழிலாளர் பேரணி அது. எட்டு மணி நேர வேலைநிறுத்தம் 1886 மே 1-இல் தொடங்கியது. மே 4 அன்று சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்தது. வீசியவர் யாரென்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனாலும் 1887 நவம்பர் 11 அன்று தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த நால்வரைத் தூக்கிலிட்டார்கள். 1889-இல் பாரிஸில் கூடிய சர்வதேச சோசலிஸ்ட் மாநாடு தொழிலாளர் நாளாக மே 1-ஐத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்க அதிபர் கிளீவ்லாந்து 1894-இல் செப்டம்பர் விடுமுறைக்குக் கையெழுத்திட்டார். சில நாட்களிலேயே புல்மேன் என்ற ரயில் பெட்டி நிறுவனத்தில் தொடங்கிய வேலைநிறுத்தத்தை ஒடுக்க ராணுவத்தையும் அனுப்பினார். இதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பதில் 2:
அந்த நால்வரில் அடோல்ஃப் ஃபிஷர் அச்சுக் கோப்பவர். நானும் ஈய எழுத்துகளைக் கோத்தவன்தான். நகக்கண்ணில் ஏறிய மை எளிதில் போகாது. அவர் பெயரைப் படிக்கும்போதெல்லாம் என் விரல்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

பதில் 3:
சிங்காரவேலரை விட்டுவிடாதீர்கள். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியவர் அவர்.