ரெட் வெர்சஸ் புளூ: வரலாறு நூறாவது எபிசோடோடு முடிந்துவிட்டதா?

பாவைக்கயிறு:

இணையத் தொடர்களின் வரலாற்றைத் தமிழில் தொகுக்கும் வேலை நடக்கிறது. அதில் ‘ரெட் வெர்சஸ் புளூ’ பகுதியை எங்கே முடிப்பது என்பதில் என் நிலைப்பாட்டை வைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தெரியாதவர்களுக்காக: 2003 ஏப்ரல் 1 அன்று முதல் எபிசோடு வந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரத்து நண்பர்கள் பர்னி பர்ன்ஸ், மேட் ஹல்லம், ஜெஃப் ராம்சே, கஸ் சொரோலா, ஜோயல் ஹேமன் ஆகியோர் ‘ரூஸ்டர் டீத்’ என்ற பெயரில் எடுத்தது. எக்ஸ்பாக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் விளையாட்டுக் கருவியில் ஓடும் ‘ஹேலோ’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டே அவர்களுக்குப் படப்பிடிப்புத் தளம். ‘பிளட் கல்ச்’ என்ற பள்ளத்தாக்கின் இரு கோடியிலும் ஒவ்வொரு பாசறை. ஒன்றில் சிவப்பு அணி, மற்றதில் நீல அணி. எதற்குச் சண்டை போடுகிறோம் என்று இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியாது. ஆறு முதல் எட்டு எபிசோடில் முடிப்பதாக இருந்த கதை, 2007 ஜூனுக்குள் ஐந்து சீசனாக, சரியாக 100 எபிசோடாக வளர்ந்தது.

அந்த 100 எபிசோடுதான் தொடர் என்பது என் வாதம். அது முழுக்க முழுக்கப் பொம்மலாட்டம். திரையில் அசையும் ஒவ்வொரு உருவத்துக்குப் பின்னாலும் கன்ட்ரோலர் பிடித்த ஒரு மனிதக் கை இருந்தது. அந்தக் கையின் எல்லைதான் எழுத்தையே வடிவமைத்தது. 2010-இல் எட்டாவது சீசனில் கணினி அனிமேஷன் நுழைந்த பிறகு வந்தது வேறொரு பண்டம்.

ரெண்டர்ராசா:

ஒத்துக்கவே முடியாது. எட்டாவது சீசன்ல டெக்ஸ்ங்கிற பாத்திரம் தனியாளா நின்னு ரெட் ஆட்களையும் நீல அணி டக்கரையும் புரட்டி எடுக்கிற சண்டை இருக்கே, அது இல்லாம இந்தத் தொடரோட வரலாறா? 2007-இல ‘ஹேலாய்டு’ன்னு ஒரு ரசிகர் வீடியோ பண்ணின மான்டி ஊம், அப்புறம் ரூஸ்டர் டீத்துக்கே வந்து இயக்கின அனிமேஷன் அது. டெக்ஸ் பெரிய சண்டைக்காரின்னு முதல் சீசன்ல இருந்து வசனத்துல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதைக் கண்ணால பாக்க ஏழு வருஷம் ஆச்சு. ஏன்? விளையாட்டுல உங்க பொம்மைக்கு நடக்க, குதிக்க, குனிய, சுட, துப்பாக்கியால இடிக்கத்தான் தெரியும். ஒருத்தன் கையை இன்னொருத்தன் பிடிச்சு முறுக்க வழியே கிடையாது. அது எழுத்தை வடிவமைச்சதுன்னு சொல்றீங்க. நான் எழுத்தைக் கட்டிப்போட்டதுன்னு சொல்வேன்.

திருத்துமேசை:

இரண்டு பேருமே படப்பிடிப்பு எப்படி நடந்தது என்பதைத் தாண்டிப் போகிறீர்கள். அது தெரியாமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பேச்சு. வசனம் முழுவதையும் பதிவு செய்துவிட்டு, அதை ஓடவிட்டுத்தான் பொம்மையை ஆட்டுவார்கள். எல்லாரும் ஹெல்மெட் போட்டிருப்பதால் வாய் தெரியாது. யார் பேசுகிறார் என்பதைக் காட்ட ஒரே வழி தலையாட்டல். பேசுகிறவரின் கன்ட்ரோலரில் வலது குச்சியை வசனத்தின் தாளத்துக்கு மேலும் கீழும் லேசாகத் தட்ட வேண்டும். மற்றவர்கள் விரலைக்கூட அசைக்கக் கூடாது. இரண்டு தலை ஒரே நேரத்தில் ஆடினால் யார் குரல் என்று பார்ப்பவர் குழம்பிவிடுவார்.

அடுத்தது கேமரா. முதல் ஹேலோவில் தனிக் கேமரா கிடையாது. விளையாடுகிற ஒருவரின் கண்தான் கேமரா. அவர் திரையில் அவருடைய துப்பாக்கியும், தோட்டாக் கணக்கும், கேடய அளவும் தெரியும். அவற்றை மறைக்கத்தான் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. 640×480 படத்தை அகலத்திரை விகிதத்துக்கு வெட்டினால் மேலே 60 கோடு, கீழே 60 கோடு போய்விடும். சினிமாத் தோற்றம் தருவதற்காகப் போட்ட பட்டை என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்படைத் தேவை மறைப்புத்தான். ஒரு எக்ஸ்பாக்ஸில் நாலு கன்ட்ரோலர் செருகலாம், ஆனால் திரை நாலாகப் பிளந்துவிடும். கேமராக்காரருக்கு முழுத்திரை வேண்டுமென்றால் இன்னொரு எக்ஸ்பாக்ஸை வயர் போட்டு இணைத்தாக வேண்டும்.

நிறம் அடுத்த சிக்கல். அணி ஆட்டமாகத் தொடங்கினால் எல்லாரும் சிவப்பு அல்லது நீலம் ஆகிவிடுவார்கள். சிவப்பு அணி சிம்மன்ஸின் அரக்கு நிறமும் கிரிஃபின் ஆரஞ்சும், நீல அணி டக்கரின் பச்சை கலந்த நீலமும் வேண்டுமென்றால், அணி பிரிக்காமல் ஆளுக்கு ஆள் மோதும் ஆட்டம்தான் வைக்க வேண்டும். தவறிப்போய் ஒருவர் செத்தால் வேறெங்கோ மறுபடி முளைப்பார். அங்கிருந்து நடந்து வந்து, பழைய இடத்தில், பழைய கோணத்தில் நிற்க வேண்டும்.

இப்போது ராசா கேட்டதற்கு வருகிறேன். பொம்மை எப்போதும் துப்பாக்கியை நீட்டியபடியே நிற்கும். நண்பர்கள் அரட்டை அடிக்கும் காட்சியில் அது உறுத்தும். இதற்கு விடை கொடுத்தது விளையாட்டில் இருந்த ஒரு பிழை. கையில் பிஸ்டல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தால், அடுத்தவர் திரையில் அந்த உருவம் கையைத் தொங்கவிட்டு நேராகப் பார்ப்பதுபோல் தெரியும். அந்தப் பிழையில்தான் பாத்திரங்கள் மனிதர்கள்போல் இளைப்பாறி நின்றார்கள். பிறகு 2004-இல் வந்த ஹேலோ 2-இல், விளையாட்டை உருவாக்கிய பங்கி நிறுவனமே ஆயுதத்தைத் தாழ்த்தும் வசதியை வைத்துக் கொடுத்தது. எல்லை கட்டிப்போட்டது உண்மை. அந்தக் கட்டுக்குள் வழி தேடியதைப் பார்த்து விளையாட்டையே மாற்றினார்கள் என்பதும் உண்மை.

பாவைக்கயிறு:

நன்றி, திருத்துமேசை. இதைத்தான் சொல்ல வந்தேன். இரண்டு பேர் பாசறை மேல்தளத்தில் நின்று பேசுவதிலேயே தொடர் ஆரம்பிக்கிறது. முகம் தெரியாத, கை தூக்க முடியாத பொம்மையை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும்? குரலும் வசன இடைவெளியும் மட்டுமே ஆயுதம். நம்மூர் தோல்பாவைக்கூத்தில் பாவையின் கை இரண்டு மூன்று விதமாகத்தான் மடங்கும். மிச்சத்தை எல்லாம் கூத்தர் குரலில் கொண்டுவருவார். முதல் சீசனில் நீல அணியின் கபூஸ், டாங்கியால் தன் அணித் தலைவன் ‘சர்ச்’ என்பவனையே சுட்டுவிடும் இடத்தைப் பாருங்கள். அந்த இடத்தைச் சிரிப்பாக்குவது அதற்கு முன்னும் பின்னும் வரும் பேச்சு. குண்டு வெடிப்பது விளையாட்டில் எப்போதும் நடப்பதுதான்.

ரெண்டர்ராசா:

சரிங்க, குரல்தான் உயிர்னு வெச்சுக்கலாம். அப்படின்னா அந்தக் குரல் 100-வது எபிசோடோட நின்னுபோச்சா? 2008-இல ஆறாவது சீசனை ஹேலோ 3-இல எடுத்தாங்க. ‘தியேட்டர்’னு ஒரு வசதி வந்துச்சு. அது வீடியோவைப் பதிவு பண்ணாது, ஆட்டத்தோட தரவைச் சேமிக்கும். அதனால ஆடி முடிச்ச பிறகு கேமராவை எங்க வேணும்னாலும் பறக்கவிட்டு, திரைக் குறிகளை எடுத்துட்டுப் பாக்கலாம். ஒரே நடிப்பு, பத்துக் கோணம். ‘ஃபோர்ஜ்’னு இன்னொரு வசதியில பொருட்களை நகர்த்தி அரங்கமும் அமைச்சுக்கலாம். ஆனா பொம்மையை ஆட்டினது அதே கைதான். உங்க கணக்குப்படியே பாத்தாலும் ஆறும் ஏழும் சுத்தமான பொம்மலாட்டம். அதை எதுக்கு வெளிய தள்ளுறீங்க? எட்டுலயும் பேச்சுக் காட்சி எல்லாம் விளையாட்டுக்குள்ளயே எடுத்தது, சண்டைதான் அனிமேஷன். ஒன்பது, பத்துல அனிமேஷன் பங்கு கூடுச்சு, மறுக்கல. பதினொன்னு மறுபடியும் பெரும்பாலும் விளையாட்டுக்குள்ளதான் போச்சு. நீங்க போடற கோடு எந்த இடத்துலயும் நேரா விழாது.

கணக்குப்பிள்ளை:

நுட்பத்தை வைத்துக் கோடு போடுவதே தவறு என்பது என் கருத்து. தொகுப்பு ‘சுயாதீன’ இணையத் தொடர்களைப் பற்றியது என்றால், பணமும் உரிமையும்தான் அளவுகோல்.

2003-இல் யூடியூப் இல்லை. அது 2005-இல்தான் வந்தது. வீடியோ பார்க்க வேண்டுமென்றால் ரூஸ்டர் டீத் தளத்துக்குப் போய்க் கோப்பை இறக்க வேண்டும். பார்வையாளர் கூடக் கூட சர்வர் செலவு ஏறும். புகழ் வந்தால் கடன் வரும் என்பதுதான் அன்றைய நிலை. பல நல்ல முயற்சிகள் அதிலேயே முடங்கின. இவர்கள் கண்ட வழி இரண்டு. குறைந்த தரக் கோப்பு எல்லாருக்கும் இலவசம்; காசு கட்டி ‘ஸ்பான்சர்’ ஆனவருக்கு உயர்தரக் கோப்பு, அதுவும் முன்கூட்டியே. சீசன் முடிந்ததும் டிவிடி விற்பனை. இடையில் தொலைக்காட்சியும் கிடையாது, விநியோகஸ்தரும் கிடையாது.

அடுத்தது உரிமை. ஹேலோ மைக்ரோசாஃப்டின் சொத்து. ஒரு வக்கீல் கடிதம் போதும், தொடர் நின்றிருக்கும். ஆனால் மைக்ரோசாஃப்ட் உரிமத் தொகை கேட்காமல் தொடர அனுமதித்தது. 2007-இல் அதே நிறுவனம் தன் விளையாட்டுகளை வைத்து வீடியோ எடுப்பவர்களுக்குப் பொது விதிகள் வெளியிட்டபோது, விற்பனைக்கு இடம் தரவில்லை. இவர்களுக்குக் கிடைத்தது தனிச் சலுகை. ஆகவே ‘சுயாதீனம்’ என்று எழுதும்போது பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள்: மேடை அடுத்தவருடையது, கல்லாப்பெட்டி மட்டும் சொந்தம்.

அந்தக் கல்லாப்பெட்டி கைமாறியது 2014 நவம்பரில், ஃபுல்ஸ்கிரீன் நிறுவனம் ரூஸ்டர் டீத்தை வாங்கியபோது. கோடு அங்கேதான் விழ வேண்டும். அப்போது தொடர் பன்னிரண்டு சீசனைக் கடந்திருந்தது.

பாவைக்கயிறு:

2014-க்குப் பின் வந்த பதின்மூன்றாவது சீசன், அதற்கு முந்தைய இரண்டோடு சேர்ந்த ஒரே கதை. சோரஸ் என்ற கிரகத்தில் நடக்கும் மூன்று சீசன் கதையின் முடிவு அது. உங்கள் கோடு கதையின் கழுத்தில் அல்லவா விழுகிறது?

கணக்குப்பிள்ளை:

விழட்டும். கம்பெனியை விற்றவர்கள் கதை முடியும்வரை காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். ஃபுல்ஸ்கிரீனுக்கு மேலே ஓட்டர் மீடியா, அதற்கு மேலே ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம், பிறகு வார்னர் என்ற திரைப்பட நிறுவனம். 2024 மார்ச் 6 அன்று ரூஸ்டர் டீத்தை மூடுவதாக அறிவிப்பு வந்தது. பர்ன்ஸ் எழுதி ஹல்லம் இயக்கிய ‘ரெஸ்டோரேஷன்’ என்ற முடிவுப் படம் அந்த மே மாதம் 7-ஆம் தேதி வெளியாகி, அதோடு கடை மூடப்பட்டது. 2003-இல் ஒரு அறைக்குள் எடுத்த முடிவுகளை 2024-இல், தொடரை ஒரு எபிசோடாவது பார்த்தார்களா என்றே தெரியாத மேலாளர்கள் எடுத்தார்கள். இது எனக்கு வருத்தம்தான், மறைக்க விரும்பவில்லை.

ரெண்டர்ராசா:

2025 பிப்ரவரியை விட்டுட்டீங்களே. பர்ன்ஸ் தன்னோட ‘பாக்ஸ் கேன்யன் புரொடக்ஷன்ஸ்’ மூலமா ரூஸ்டர் டீத் பெயரையும் இந்தத் தொடரையும் திரும்ப வாங்கிட்டார். நிறுவனத்தை விட்டு 2020-இல வெளிய போனவர் அவர். அப்ப உங்க அளவுகோல்படி தொடர் மறுபடியும் சுயாதீனம் ஆயிடுச்சே. பாவைக்கயிறு அண்ணன் 2007-இல மூடின கதவையும், நீங்க 2014-இல மூடின கதவையும் சேர்த்தே திறக்க வேண்டியிருக்கும்.

திருத்துமேசை:

திறப்பதற்கு முன் ஒரு வேலை. ரூஸ்டர் டீத் தளம் மூடப்படுவதற்குள் அதன் வீடியோக்களில் பெரும்பகுதியை ரசிகர்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் ஏற்றி வைத்தார்கள். கட்டுரைக்குக் காட்சிப் படம் எடுப்பவர்கள் முதல் இரண்டு சீசனிலிருந்து எடுக்கும்போது கறுப்புப் பட்டையை வெட்டிவிடாதீர்கள். திரையை நிரப்ப வேண்டும் என்று படத்தைப் பெரிதாக்கினால் பக்கவாட்டில் நிற்கும் ஆள் காணாமல் போவார். தலையாட்டாமல் அசையாமல் நிற்கும் அந்த இன்னொரு பொம்மையும் சட்டகத்தில் இருந்தால்தான் யார் பேசுகிறார் என்பது படிப்பவருக்குப் புரியும்.

பாவைக்கயிறு:

பட்டையோடுதான் போடுவோம். ஆறு, ஏழு சீசன்களைச் சேர்க்கிறேன். அங்கே ராசா சொன்னது சரி, கை அதே கைதான். எட்டாவதில் பேச்சுக் காட்சிகள் வரை ஏற்கிறேன். டெக்ஸ் சண்டை பொம்மலாட்ட வரலாற்றில் வராது என்பதில் மாற்றமில்லை.

ரெண்டர்ராசா:

அப்ப அந்தச் சண்டைக்குத் தனிப் பகுதி நான் எழுதுறேன். எத்தனை சொல் தருவீங்க?